தெரிந்து கொள்வோம்: சார்ஜ் போடும் நிலையம் - அரசு மானியம் யாருக்கு?



பாகலூர் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா செல்போனை நீட்டினார். "பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போடும் நிலையம் வைக்க அரசு மானியமாம். முன்பணம் கட்டினா போதும்னு போட்டிருக்காங்க. குழுவுல கடன் எடுத்துக் கட்டலாமா?" என்றார். கட்டும் முன் கேட்டாரே, அதுவே நல்லது. விவரம் பார்ப்போம்.

திட்டம் உண்மையா?

உண்மைதான். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1-ல் தொடங்கியது. மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி.

பணம் யாருக்குப் போகும்?

தனி ஆளோ, நம் குழுவோ நேராக மனுப் போட முடியாது. மத்திய அமைச்சகங்கள், மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்கள் வழியாகத்தான் கேட்க வேண்டும். அரசு நிர்ணயித்த செலவில் மானியம் இப்படி:

* அரசு அலுவலகம், மருத்துவமனை, பள்ளி வளாகத்தில் வைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டால் முழுச் செலவும்.
* பஸ் நிலையம், பொதுத்துறை பெட்ரோல் பங்க் என்றால் டிரான்ஸ்பார்மர், கேபிள் செலவில் 80 சதம். சார்ஜ் போடும் கருவிக்கு 70 சதம்.
* கடைத்தெரு போன்ற மற்ற இடங்களில் டிரான்ஸ்பார்மர், கேபிள் செலவில் மட்டும் 80 சதம்.

ஆகவே "முன்பணம் கட்டு, மானியம் வாங்கித் தர்றேன்" என்பவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சொந்தப் பணத்தில் வைக்கலாமா?

வைக்கலாம். 2018 முதல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ஸ்கூட்டருக்கு வீட்டுப் பிளக்கே போதும்; பலர் ராத்திரி வீட்டிலேயே போட்டுவிடுவார்கள். வண்டி வராவிட்டாலும் கடன் தவணை வந்துவிடும். கணக்குப் போட்டு இறங்குங்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று பேட்டரி ஸ்கூட்டர் நம் மாவட்டத்திலேயே தயாராகிறது. ஆனால் மானியத்தில் முன்னுரிமை பெரிய நகரங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும்தான். கேட்காத கிராமத்துக்குத் தானாக வராது. வாடகை லைன் வீட்டில் பிளக் இல்லாமல் ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு ஊர்ப் பொது இடத்தில் ஒன்று இருந்தால் உதவி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இடத்தைச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். தீர்மானம் போட்டவுடனே கிடைத்துவிடாது. ஆனால் நம் தேவை எழுத்தில் பதிவாகும்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் எத்தனை பேர் பேட்டரி வண்டி ஓட்டுகிறார்கள்? எங்கே சார்ஜ் போடுகிறார்கள்?
2. பெண்கள் இரவிலும் பயமின்றி வந்துபோகும் அரசு இடம் எது?
3. முன்பணம் கேட்டு யாருக்காவது போன் வந்ததா?