மனக்காயமும் மதிப்பெனும் மருந்தும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முன்னுரை

உடலில் பட்ட காயம் கண்ணுக்குத் தெரியும். மருந்திட்டால் ஆறும், ஆறியபின் தழும்பாகும். மனத்தில் பட்ட காயமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. பட்டவரே அதைக் காயம் என்று அறியாமல், தலையெழுத்து என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் சுமப்பதும் உண்டு. மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளியை முதலில் வைத்து, மருத்துவரை அதற்கு அடுத்தே வைத்தார். இன்றைய மனநல மருத்துவம் நெடுவழி சுற்றி அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவர் யார் என்பதை மாற்ற முயலாமல், அவரை அவராகவே மதித்து, அவர் பட்ட காயத்தை மட்டும் ஆற்ற முயலும் முறை இது. இம்முறை எத்தகையது, நம் காவிரி மண்ணுக்கு இது ஏன் தேவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காயத்தின் உடலியல்

ஆபத்து நேரும்பொழுது, மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்க்க, ஓட, இரண்டும் இயலாதபோது உறைந்து நிற்க உடல் ஆயத்தமாகிறது. இது நோயன்று, உயிர் காக்கும் ஏற்பாடு. ஆபத்து நீங்கியதும் இக்கொந்தளிப்பு தணிய வேண்டும். சிலருக்கு அது தணிவதில்லை. நடந்ததை இடத்தோடும் காலத்தோடும் பொருத்தி நினைவில் வைப்பதில் பங்கு கொள்ளும் ஹிப்போகாம்பஸ், மிகுந்த அச்சத்தின்போது அப்பணியைச் செவ்வனே செய்ய இயலாமல் போகிறது. அதனால் என்றோ நடந்தது இன்று நடப்பதுபோல் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது. ஒரு வாசனையோ, அதட்டும் ஒரு குரலோ போதும். உடல் நடுங்கத் தொடங்கிவிடும்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரம் பலரையும் சிந்திக்க வைத்தது. அதன்பின், 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நிலைக்குத் தன் நோய்ப்பட்டியலில் இடமளித்தது. ஒரே முறை நேர்ந்த பேரிடர் மட்டுமே காயம் ஆவதில்லை. தப்பிக்க வழியின்றி நெடுங்காலம் தொடரும் கொடுமையும் காயம் ஆகும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு, இதனைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. இவ்வகையில் அச்சத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. "நான் எதற்கும் தகுதியற்றவன்" என்ற எண்ணமே அது. அடித்தவன் போய்விடுகிறான்; அவன் சொன்ன சொல் அடிபட்டவனின் சொந்தக் குரலாக உள்ளே தங்கிவிடுகிறது.

தஞ்சைத் தரணியின் சான்று

இதனை விளங்கிக்கொள்ள நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசும் இந்த மாவட்டத்தில், 1940-களில்கூடப் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. மாட்டுச் சாணத்தை நீரில் கரைத்து மனிதன் வாயில் ஊற்றுவதன் நோக்கம் என்ன? உடலை வருத்தச் சவுக்கு ஒன்றே போதும். "நீ மனிதன் அல்லன்" என்று அவனையே நம்பவைப்பதுதான் சாணிப்பாலின் நோக்கம். கூலி உயர்வாக அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றோர் 1973-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாயினர்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில், மனக்காயம் ஆறும் வழியை மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், மூன்றாவதாக, மீண்டும் வாழ்வோடும் மக்களோடும் இணைதல். இம்மூன்றையும் நம் வட்டார வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கமும், 1952-இல் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் முதற்படியாகிய பாதுகாப்பைத் தேடின. வெண்மணி நினைவிடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் கூடுவது இரண்டாம் படி. வெண்மணிக் கொடுமைக்குப் பின் இப்பகுதிக்கு வந்து பணியாற்றிய ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர் 1981-இல் லாப்டி என்னும் அமைப்பை நிறுவி, நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரிலேயே, நிலம் கிடைக்கச் செய்தனர். இது மூன்றாம் படி. எந்த மனநல மருத்துவரும் இல்லாமலே மக்கள் தம் காயத்துக்குத் தாமே மருந்து தேடியிருக்கிறார்கள். அந்த மருந்தில் அவர்கள் தம் அடையாளத்தை மறைக்கவில்லை. அதனை நிமிர்த்திப் பிடித்தார்கள் என்பதே நாம் கருதத் தக்கது.

எனினும், ஊர் எழுந்த பின்னும் தனி மனிதருக்குள் காயம் எஞ்சியிருக்கலாம். என் பாட்டனார் பண்ணையில் வளர்ந்தவர். வீட்டில் நாற்காலி வாங்கிய பின்பும், அறிமுகமில்லாத ஒருவர் உள்ளே வந்தால் அவர் எழுந்து சுவரோரம் நின்றுவிடுவார். "உட்காருங்க தாத்தா" என்று எத்தனை முறை சொன்னாலும் கால்கள் கேட்கமாட்டா. சட்டம் மாறியது அவருக்குத் தெரியும். அவர் உடலுக்குத்தான் தெரியவில்லை. இத்தகையோரிடம், "தாழ்வு மனப்பான்மையை விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை கூறுவது, பழுதை அவரிடமே வைத்துப் பேசுவதாகும். "உங்களுக்குச் செய்யப்பட்டது அநீதி, அதற்கு உங்கள் உடல் அப்படி நடந்துகொண்டதில் வியப்பில்லை" என்று தொடங்குவதே மதிப்பு மருத்துவம்.

மருத்துவமே காயம் செய்ததுண்டு

அடையாளத்தையே நோயாகக் கருதிய காலமும் இருந்தது. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல்தான் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. ஆயினும், பெற்ற பிள்ளையை "மாற்றித் தாருங்கள்" என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் நின்றுவிடவில்லை.

இவ்வகையில் தமிழகம் நாட்டுக்கே ஒரு வழியைக் காட்டியது. 2008-இல் திருநங்கையர்க்கென நல வாரியம் இங்கு அமைக்கப்பட்டது. 2021 ஜூன் 7-ஆம் நாள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய மாற்றுச் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதுமுன், இப்பொருளைப் பற்றித் தாம் அறிந்தது போதாது என்று வெளிப்படையாகக் கூறி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். கற்பிக்கும் இடத்தில் இருப்பவர் கற்கும் இடத்தில் அமர்ந்த இச்செய்தி, மாணவர்களாகிய நாம் மனத்தில் கொள்ள வேண்டியது. அடுத்த ஆண்டில், தேசிய மருத்துவ ஆணையம் இச்சிகிச்சையை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது.

வேறு வகை மூளை

ஆட்டிசம், கவனச்சிதறல், எழுத்துகளைப் படிப்பதில் இடர் தரும் டிஸ்லெக்சியா ஆகியவற்றோடு பிறந்தோரை, இன்று நரம்பியல் வேறுபாடு உடையோர் என்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் சேர்த்துள்ளது. குழந்தைகளைப் பற்றிப் பேசும் நாம், வளர்ந்தவர்களை மறந்துவிடுகிறோம். கிராமத்துப் பள்ளியில், "மக்கு" என்றும் "திமிர் பிடித்தவன்" என்றும் அடிபட்டு, படிப்பை விட்டு நடவுக்கும் கதிரறுப்புக்கும் போனவர்களுள், இவ்வேறுபாடு கண்டறியப்படாதவர் இருந்திருக்கக் கூடும். கண்டறியப்படாத வேறுபாடு ஒரு சுமை. அதற்காகப் பட்ட அடி இரண்டாம் சுமை. ஏழ்மையும் சாதியும் சேர்ந்தால் சுமை பன்மடங்காகிறது.

இவர்களுக்கு வழக்கமான சிகிச்சை முறையை அப்படியே பொருத்த முடியாது. கண்ணோடு கண் நோக்கிப் பேசு என்று ஆட்டிசம் உடையவரை வற்புறுத்தினால், அதுவே புதிய துன்பமாகும். பேச வராதவர் எழுதிக் காட்டலாம், வரைந்தும் காட்டலாம். விளக்கொளியும் மின்விசிறியின் ஓசையும் வருத்தினால் குறைத்துக்கொள்ளலாம். அடுத்த சந்திப்பில் என்ன நடக்கும் என்பதை முன்னரே சொல்லிவைக்கலாம். செலவில்லாத இம்மாற்றங்கள், "இங்கே நீ நடிக்க வேண்டியதில்லை" என்று சொல்லாமற் சொல்கின்றன.

ஃபனான் கண்ட உண்மை

மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவர் பிரான்ஸ் ஃபனான், 1953-இல் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனையில் பணியேற்றார். ஐரோப்பியப் பெண் நோயாளிகளுக்குப் பயன்பட்ட கூட்டு நிகழ்ச்சிகள், உள்நாட்டு முஸ்லிம் ஆண்களிடம் பயன் தரவில்லை. நோயாளிகள் ஒத்துழைக்கவில்லை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. முறையே அயலானது என்று உணர்ந்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி தேநீர்க் கூடமும், கதை சொல்வோர் வருகையும், அவர்தம் பண்டிகைகளும் மருத்துவமனைக்குள் வந்தன. நோயாளிகளிடம் மாற்றம் தெரியத் தொடங்கியது. நம்மூர் உழவுத் தொழிலாளி ஒருவர் மன வேதனையைச் சொல்லும்போது, "நெஞ்சு அடைக்குது", "கை கால் ஓயுது" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்கத் தெரிந்த மருத்துவரே அவருக்கு மருத்துவர்.

மதிப்பு என்பது புகழ்ச்சியன்று

அடையாளத்தை மதிப்பது என்றால், வந்தவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பது என்று பொருளன்று. தூக்கமின்மைக்கு மருந்து வேண்டின் மருந்து தர வேண்டும். அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பயிற்சி வேண்டின் அதையும் தர வேண்டும். ஒருவரை வெறும் காயமாகவே காண்பதும் தவறு. ஒடுக்கப்பட்டவர் என்பது ஒருவருடைய வரலாற்றின் பகுதி. அவருடைய முழுமை அன்று. அவர் பாடுவார், வேலை செய்வார், சண்டையிடுவார், சிரிப்பார். சிகிச்சை அந்த முழு மனிதரிடம்தான் பேச வேண்டும்.

முடிவுரை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருடைய சமூக நிலையையோ, ஊர் வழக்கத்துக்கு அவர் ஒத்துப்போகாமையையோ வைத்து அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி உதவி, 2022 முதல் இயங்கி வருகிறது. ஆனால் மருத்துவமனைக்குச் செல்லும் துணிவு, அதற்கு முன்பே வேறோர் இடத்தில் பிறக்க வேண்டும். அந்த இடம் நம் வகுப்பறையாக இருக்கலாம்.

நம்முள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். உதவித்தொகைப் பட்டியல் உரக்கப் படிக்கப்படும்பொழுது தலை தாழ்ந்துகொள்ளும் நண்பர் யார், விடுதியில் கேலிக்கு அஞ்சித் தனித்து உண்பவர் யார், கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். பெரியோர்களாகிய ஆசிரியர்கள் அப்பட்டியலைத் தனியே அழைத்துத் தரலாம். நாம் அந்நண்பரின் பக்கத்தில் தட்டை வைத்து உட்காரலாம். பட்டம் பெறாமலே செய்யக்கூடிய மருத்துவம் இது. காவிரி கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் பாசனம் முழுமை பெறும். மனித மதிப்பும் அவ்வாறே, கடைசியில் நிற்பவரைச் சென்று சேர வேண்டும்.