ஆமை ஒடுங்கும் விதம்

கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006 மார்ச் மாதம் உயிர்நீத்த 'அத்வைதா', அல்டாப்ரா தீவுக்குரிய பேராமை. ராபர்ட் கிளைவிடம் இருந்தது, வயது 250 என்றெல்லாம் கூறுவர்; அதற்குச் சான்று போதாது. 1875-ஆம் ஆண்டளவில் அங்கு வந்து, 130 ஆண்டுகள் வாழ்ந்தது என்பதே பெரு வியப்பு. பேணியவர் எவரும் அதன் முழு வாழ்வையும் கண்டதில்லை.

ஓடு என்பது ஆமை புகுந்து வாழும் வீடன்று. விலா எலும்பும் முதுகெலும்பும் ஒன்றி வளர்ந்த உடலே அது. ஆதலால் மார்பு விரிவதில்லை. தசைகளே மூச்சை இயக்குகின்றன. தலையையும் கால்களையும் சட்டென உள்ளிழுக்கையில் இடம் போதாமல், நுரையீரலின் காற்று 'உஸ்' என வெளியேறுகிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் புலனடக்கத்திற்கு ஆமை உவமையாவதைப் பயில்வோர் இதையும் எண்ணலாம்: உள்ளிருக்கும் காற்றை விடாமல் ஆமையால் ஒடுங்க இயலாது.

இதனைக் காணக் கொல்கத்தா வரை செல்ல வேண்டுவதில்லை. திருப்பதியைச் சூழ்ந்த சித்தூர் வட்டாரத்து முட்புதர் நிலங்களில் நட்சத்திர ஆமைகள் உண்டு. உருவில் மிகச் சிறியவை. எனினும் பல பத்தாண்டுகள் வாழ்பவை. அதிர்ஷ்டம் தருமென்று அவற்றைப் பிடித்து வீட்டில் வைப்போரும் உளர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தூக்கியவுடன் எழும் சீறலை ஆமையின் சினம் என்றே அவர்கள் கருதுகின்றனர். மழைக்காலத்தில் அவை தாமே மேய வெளிவரும். தள்ளி நின்று காண்போர்முன் தலையை உள்ளிழுப்பதில்லை.