வளரிளம் பிள்ளைகளின் மனநல ஆராய்ச்சியும் நம் ஊர்ப் பள்ளியும்

அண்மையில் ஒரு கிராம சபைக் கூட்டத்தில், அவ்வூர் உயர்நிலைப் பள்ளியை மாணவர் மனநல ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டி வந்த கடிதம் படிக்கப்பட்டது. உடனே ஒரு விவசாயி எழுந்து, “எங்கள் பிள்ளைகளுக்கென்ன பைத்தியமா? பெயர் கெட்டுப்போனால் நாளை யார் பெண் கொடுப்பார்கள்?” என்று வினவினார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. அன்று நான் கூறிய விடையையே இங்குச் சுருக்கித் தருகிறேன்.

மனநலக் குறைவு என்பது பைத்தியம் அன்று. காரணமின்றிப் பள்ளிக்குச் செல்ல மறுத்தல், உறக்கமின்மை, ஓயாத அச்சம், எவருடனும் பேசாது ஒதுங்கியிருத்தல் ஆகியவையும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இத்தகைய குறைகள் இருப்பது தெரியவந்தது. காய்ச்சலைத் தொட்டு அறியலாம். இதனை அவ்வாறு அறிய இயலாது.

ஆராய்ச்சி எதற்கு?

புதிய உரம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பாத்தியில் அதனை இட்டு, அடுத்த பாத்தியைப் பழைய முறையிலேயே விட்டு, இரண்டின் விளைச்சலையும் ஒப்பிடுகிறோம். பள்ளிகளில் நடப்பதும் அதுவே.

பீகார் மாநிலம் நாலந்தா மாவட்டத்தில் 2015-16-இல் 74 பள்ளிகள் இத்தகைய ஆராய்ச்சியில் பங்கேற்றன. குலுக்கல் முறையில் அவை மூவகையாகப் பிரிக்கப்பட்டன. ஒரு வகைப் பள்ளிகளில், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பள்ளிநலப் பணிகளை நடத்தினார். மற்றொரு வகையில் ஆசிரியரே அவற்றை நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான வகுப்புப் பாடம் மட்டுமே. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும், ஒருவரையொருவர் துன்புறுத்தும் வழக்கமும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஒப்பிட்டுப் பாராதிருந்தால், வேலைப் பளு மிக்க ஆசிரியர் மீதே இப்பணியையும் சுமத்திவிட்டு, பயன் கிடைத்ததாக எண்ணியிருப்போம். பள்ளிகள் முன்வராவிடில் இவ்வுண்மை எவ்வாறு வெளிப்படும்?

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

1. ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? அதன் நகலைக் கேட்டுப் பெறுக.

2. பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதமும், பிள்ளையின் விருப்பமும் பெறப்படுமா? இரண்டும் இன்றியமையாதவை. இடையில் விலகினாலும் பிள்ளையின் படிப்புக்குக் குறைவு வரலாகாது.

3. வினாத்தாளில் பெயருக்குப் பதிலாக எண் இடப்படுமா? பெயர்ப் பட்டியல் எவர் பொறுப்பில் இருக்கும்?

4. துன்பத்திலுள்ள பிள்ளை கண்டறியப்பட்டால் உடனே உதவுவது யார்? எந்த மருத்துவமனைக்கு அனுப்புவர்? (14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எவரும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.)

5. முடிவுகள் ஊராருக்கு விளக்கிக் கூறப்படுமா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிடில், மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பஞ்சாயத்தின் கடமை

பள்ளி மேலாண்மைக் குழுவுடன் கலந்து, பெற்றோர் வயல் வேலை முடித்து வரும் மாலை வேளையில் கூட்டம் கூட்டுக. எழுதப் படிக்கத் தெரியாதோருக்குச் சம்மதப் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டுக. தேர்வுக் காலத்தைத் தவிர்க்குமாறு கூறுக. ஊருக்காகத் தலைவர் ஒருவரே கையொப்பமிட்டு முடித்துவிடுதல் தகாது. வற்புறுத்திப் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

இவ்வளவையும் கேட்ட அந்த விவசாயி, “பாத்தியில் பெயர்ப்பலகை நடுவார்களே, பிள்ளை மீதும் நடுவார்களா?” என்று கேட்டார். “நடக்கூடாது, நடாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை” என்றேன். அவர் அன்று கையொப்பமிடவில்லை. “முதலில் என் மகளைக் கேட்க வேண்டும்” என்று கூறிப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஒவ்வொரு பெற்றோரும் செய்யத்தக்கது அதுவே.