ஆண்டெனாவும் அண்டை வீடும்

முன்னுரை

ஒரு வீட்டாரின் செல்வ நிலையை அறிய வேண்டுமானால் வீட்டிற்குள் நுழைந்தாக வேண்டும். நகையும் பட்டும் பீரோவுக்குள் இருப்பவை. தொலைக்காட்சியோ இதற்கு விலக்காக வந்தது. பெட்டி கூடத்தில் இருக்க, அதன் அடையாளம் கூரைமேல் ஏறி நின்றது. 1970களிலும் 1980களிலும் எந்த வீட்டில் டி.வி. உண்டு என்பதை வழிப்போக்கரும் அண்ணாந்து பார்த்தே சொல்லிவிட முடிந்தது. இந்த அலுமினியக் குழாய்கள் அண்டை வீட்டார் உறவில் செய்த மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயரத்தின் காரணம்

கூரைகளில் நாம் கண்ட ஆண்டெனா ஜப்பானில் 1926ஆம் ஆண்டளவில் உடா, யாகி என்னும் இரு பொறியியலாளர் உருவாக்கியதாகும். நடுவில் அலையை வாங்கும் தண்டு. அதன் பின்னே எதிரொளிக்கும் தண்டு. முன்னே அலையை நெறிப்படுத்தும் சிறு தண்டுகள். வாங்கும் தண்டின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி இருத்தல் வேண்டும். அலையின் அதிர்வெண் 60 மெகாஹெர்ட்ஸ் எனில் அலைநீளம் 5 மீட்டர். தண்டு இரண்டரை மீட்டர். இத்தகைய பொருளை மறைத்து வைக்க இயலாது.

மேலும், இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. புவியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆண்டெனாவை நான்கு மடங்கு உயர்த்தினால்தான் அது எட்டும் அடிவானத் தொலைவு இரு மடங்காகும். எனவே நிலையத்திற்குத் தொலைவில் உள்ள ஊரில் கம்பம் உயர்ந்தே தீர வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் தென்கோடி மாவட்டங்களை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொடங்கிற்று. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையிலிருந்து புறப்பட்ட அதன் அலைகள், கடலின் மேலுள்ள காற்றடுக்குகளில் வளைந்து தூத்துக்குடி, இராமநாதபுரக் கரைகளை அடைந்தன. அங்கே உயர்ந்த கம்பங்களும், பலவீனமான அலையை வலுப்படுத்தும் பூஸ்டர்களும் தோன்றின. காற்றடித்தால் ஒருவர் மாடியேறிக் கம்பத்தைத் திருப்புவார், கூடத்திலிருப்பவர் “தெரியுது, தெரியுது... போச்சு!” என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் தெரு முழுவதும் கேட்கும்!

பகட்டா, தன்மானமா?

இயற்பியல் வேண்டிய உயரத்தைத் தெரு வேறு விதமாகப் படித்தது. உயர்ந்த கம்பம் உயர்ந்த வீடு என்றாயிற்று. பிறர் காணச் செலவிடுவதைப் ‘பகட்டு நுகர்வு’ என்று 1899இல் தார்ஸ்டீன் வெப்லன் விளக்கினார். அண்டை அயலார் நுகர்வைக் கண்டு நம் நுகர்வும் உயர்வதை ‘வெளிக்காட்டு விளைவு’ என்று 1949இல் டூசன்பெரி கூறினார். நம் தெருவை விளக்க இவை இரண்டும் போதுமா? போதா என்பதே என் கருத்து.

வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகியவற்றின்போது டி.வி. இருந்த வீடு ஒரு சிறு கொட்டகையாகும். ஆனால் கொட்டகையிலும் வகுப்புகள் உண்டல்லவா? நாற்காலி சிலருக்கு, பாய் சிலருக்கு, வெறுந்தரை சிலருக்கு. சாதியாலோ வறுமையாலோ வாசற்படி தாண்டாதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்து நின்றனர். சில வீடுகளில் நாலணா வசூலித்ததும் உண்டு. வசூலிக்காத வீட்டிற்கும் கைமாறு இருந்தது: கடைக்குப் போய் வருதல், தண்ணீர்க் குடம் தூக்குதல், வீட்டுப் பிள்ளையிடம் பணிந்து போதல். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் அன்று கதவு சாத்தப்படும்.

இந்நிலையில் தவணைக்குக் கடன்பட்டுப் பெட்டி வாங்கிய பெற்றோர் பலர் சொன்ன காரணம் ஒன்றே: “நம்ம பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நிற்கக் கூடாது.” இது பகட்டன்று, தலைகுனிவிலிருந்து தப்பும் முயற்சி. மேலேறிக் காட்ட வாங்கியவரைவிடக் கீழே நிற்காதிருக்க வாங்கியவரே மிகுதி என்று கருத இடமுண்டு.

ஒப்பிடத்தக்க இரு சான்றுகள்

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ‘சைட்’ என்னும் திட்டத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. கோழிவலை போன்ற கம்பிவலையால் ஆன 3 மீட்டர் குடை ஆண்டெனா, ஊர்ப் பொதுப்பெட்டிக்கு அலை வாங்கித் தந்தது. பெட்டி பொதுவாக இருந்ததால், குடை எந்த ஒரு வீட்டின் உயர்வுக்கும் சான்றாகவில்லை.

பிரிட்டனில் கதை தலைகீழானது. 1989இல் செயற்கைக்கோள் ஒளிபரப்பு பரவத் தொடங்கியபோது, சுவரில் குடை மாட்டிய வீட்டை அண்டை வீட்டார் இளக்காரமாக நோக்கினர். தெருவின் அழகு கெடுகிறது என்று முறையிட்டனர். இப்பூசல்களைச் சார்லட் பிரன்ஸ்டன் 1991இல் ஆய்ந்து எழுதியுள்ளார். இங்கே பெருமையாக நின்ற கருவி அங்கே கீழ்மையின் குறியாயிற்று. ஆகவே மதிப்பு உலோகத்தில் இல்லை; பார்ப்பவர் கண்ணிலும், வைக்கும் இடத்திலும் உள்ளது.

முடிவுரை

1990களில் கேபிள் வந்தது, ஆண்டெனாக்கள் இறங்கின. பல கம்பங்கள் துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக்கொடுத்தன. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. அதன் பொருளியல் நன்மை தீமைகளை அறிஞர் விவாதிக்கட்டும். சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளையைத் தன் வீட்டுத் தரையில் அமர்த்தியது என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், ஞாயிறு மாலையில் ஒரு கூரையின் கீழ்க் கூடிய தெருவும் கலைந்து போயிற்று.

இன்று கைப்பேசியும் இருசக்கர வண்டியும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. கடன்பட்டு அவற்றை வாங்குவோரைப் ‘பகட்டுக்காரர்’ என்று ஏளனம் செய்வது எளிது. அவரை எந்த வாசலில் நிற்க வைத்தோம் என்று முதலில் கேட்பதே சமூகவியல் பயிலும் மாணவராகிய நம் கடமையாகும்.