கடல் மட்டத்தை அளப்பது ஏன்? எப்படி?

சமூக அறிவியல் பாடத்தில் 'ஓதம்' என்று படித்திருப்பீர்கள். பரீட்சையில் அது இரண்டு மார்க் கேள்வி. ஆனால் நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு அது வயல், வீடு, உயிர் எல்லாம் சம்பந்தப்பட்ட விஷயம். எப்படி என்று பார்ப்போமா?

ஓதம் என்றால் என்ன?

சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் கடல் நீர் ஏறி இறங்குவதே ஓதம். நம் கடற்கரையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வத்தும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் இன்று காலை 8 மணிக்கு ஏறினால் நாளை சுமார் 8.50-க்கு ஏறும்.

அமாவாசை, பௌர்ணமியில் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் வரும். அப்போது ஏற்றமும் அதிகம், வத்துவதும் அதிகம். அரைநிலா நாட்களில் வித்தியாசம் குறைவு. "அமாவாசைக்குத் தண்ணி ஏறும்"னு எங்க தாத்தா சொல்வது இதைத்தான்.

நாங்கள் அளந்து பார்த்தோம்

அறிவியல் சார் சொன்னபடி நானும் மூன்று தோழிகளும் முகத்துவாரத்துக்குப் பக்கத்து வாய்க்காலில் சென்டிமீட்டர் கோடு போட்ட மூங்கிலை நட்டோம். (பெரியவர்கள் துணையோடுதான்!) அலையில் தண்ணீர் ஆடிக்கிட்டே இருந்தது. அதற்கு சார் ஒரு வழி சொன்னார். அடிப்பக்கம் மூடிய பிளாஸ்டிக் குழாயில் கீழே சிறிய ஓட்டை போட்டு நிறுத்தினால், உள்ளே தண்ணீர் மெதுவாக மட்டும் ஏறி இறங்கும். அலை ஆட்டம் தெரியாது. அமாவாசைக்கு மறுநாள் ஏற்றத்துக்கும் வத்தலுக்கும் வித்தியாசம் 54 செ.மீ. அடுத்த வாரம் அரைநிலா அன்று 21 செ.மீ. மட்டுமே!

துறைமுகங்களில் உள்ள ஓதமானியிலும் இதே தத்துவம்தான். குழாய்க்குள் மிதவை இருக்கும். இப்போது தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவியும், மேலிருந்து ரேடார் அலை அனுப்பி அளக்கும் கருவியும் வந்துவிட்டன. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் ஓதமானிகள் உள்ளன. இந்திய நில அளவைத் துறை ஒவ்வோர் ஆண்டும் ஓத அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது.

ஒரு கழித்தல் கணக்கு

அட்டவணைப்படி தண்ணீர் 70 செ.மீ. இருக்க வேண்டும். ஓதமானி 110 செ.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 110 − 70 = 40. இந்த 40 செ.மீ. நிலா கொண்டுவந்தது இல்லை. காற்றும் புயலும் தள்ளிக்கொண்டு வந்தது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும். பலத்த காற்று இன்னும் நிறைய தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். வத்தும் நேரத்தில் புயல் வந்தால் ஓரளவு தப்பிக்கலாம். ஏறும் நேரத்தில் வந்தால் இரண்டும் கூடிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது புஷ்பவனத்தில் கடல் சேறு ஊருக்குள் வந்து படிந்தது.

கடைமடைக்கு என்ன ஆபத்து?

நாம் காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே பெய்த தண்ணீரெல்லாம் நம் ஆறுகள் வழியாகத்தான் கடலுக்குப் போகணும். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் ஆற்றுத் தண்ணீர் வடியாது, வயலிலேயே நிற்கும். எங்க அப்பா சம்பா நட்ட பிறகு வானத்தைப் பார்ப்பதுபோலவே காலண்டரில் அமாவாசையையும் பார்ப்பார். பயிர் பல நாள் மூழ்கினால் அழுகிவிடும், வாங்கின கடன் மட்டும் நிற்கும். கடல் நீர் ஆற்றில் ஏறாமல் தடுக்கத்தான் கடைமடையில் கதவு வைத்த அணைகள் இருக்கின்றன. எப்போது கதவைத் திறந்து வெள்ளத்தை வடிக்கலாம் என்பதற்கும் ஓத நேரம் தெரிய வேண்டும்.

சுனாமியும் ஓதமானியும்

2004 டிசம்பர் 26 பௌர்ணமி. அதனால்தான் கடல் பொங்கியது என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே காரணம். நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை சுமார் 6.30-க்கு. அலை இங்கே வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை மையமே அப்போது இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஓதமானிகளின் அளவுகள் செயற்கைக்கோள் வழியாக அங்கே போய்ச் சேர்கின்றன. சுமத்ரா பக்கம் அலை கிளம்பினால் அந்தமான், நிக்கோபாரில் உள்ள கருவிகள் முதலில் காட்டிவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

1. எச்சரிக்கை வந்தால் கடலை வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.
2. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுப் பகுதிக்கு ஓட வேண்டும்.
3. மழைக்காலத்தில் வானிலைச் செய்தியோடு ஓத நேரத்தையும் கேட்டு வீட்டில் சொல்ல வேண்டும்.

சிந்திக்க: இன்று மாலை 5 மணிக்குத் தண்ணீர் ஏறினால் நாளை மாலை எத்தனை மணிக்கு ஏறும்? விடையை வகுப்புத் தலைவியிடம் சொல்லுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி