சப்தகன்னியர் மலையில் ஒரு கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாய் என்றும், விமானியாக வேண்டும் என்று நீ சொன்னதற்கு தோட்ட லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். நீ கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதல்ல: விமானம் இறங்கும் நேரத்தில் கருவி பிசகினாலோ, பாதையில் இன்னொரு விமானம் குறுக்கிட்டாலோ, விமானி யாரை நம்புவார்?

பதிலுக்கு வெளிநாடு போக வேண்டாம். நம் யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல தாண்டி மேலே ஏறினால் நோர்ட்டன் பிரிட்ஜ். அந்தப் பக்கத்து சப்தகன்னியர் மலையில், 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பிறகு, மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த விமானம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் தரித்துப் போக இருந்தது. பயணிகள் 182, பணியாளர் 9. ஒருவரும் பிழைக்கவில்லை.

கொப்பியை எடு. விமானிகள் இறக்கத்துக்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். 35,000 அடியில் வருபவர் 105 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்புக் கரை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஆகவே கிழக்கிலிருந்து வரும் விமானம் இலங்கையின் கரையைத் தொட்டதுமே இறங்க ஆரம்பிக்கிறது; நம் மலைநாடு அந்த இறக்கத்துக்குக் கீழே கிடக்கிறது. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து இரவில் தலைக்குமேல் கேட்கும் சத்தத்தை வேறு மாதிரித்தான் கேட்கிறேன்.

மார்ட்டின்எயார் விமானம் மோதிய உயரம் ஏறக்குறைய 4,355 அடி. அந்தக் கணக்கின்படி 4,355 அடியில் இருப்பவருக்கு ஓடுபாதை இன்னும் 13 கடல் மைலில் இருக்க வேண்டும். உண்மையில் அது 40 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. 40 கடல் மைலில் இருக்க வேண்டிய உயரம் 13,000 அடிக்கும் மேல். தான் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்த ஒருவருக்கு அந்த உயரம் சற்றும் தவறில்லை. உயரமானி பொய் சொல்லவில்லை, இயந்திரமும் நிற்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் பிழையாகிவிட்டது.

ஏன் பிழையானது? விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பி இருப்பிடத்தைக் கணித்தார்கள், அவை தவறாகப் புரிந்துகொள்ள இடம் தந்தன என்பது விசாரணையின் முடிவு. டொப்ளர் கருவி தரையை நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, திரும்பும் அலையின் மாற்றத்திலிருந்து வேகத்தை அறியும். வேகத்தைக் கூட்டிக்கூட்டித் தூரத்தைச் சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு காலடியை எண்ணி லயத்திலிருந்து ஸ்டோருக்குப் போவது மாதிரி. ஒவ்வொரு அடியிலும் சிறு பிழை சேரும், கடலுக்கு மேல் மணிக்கணக்காகப் பறந்து வந்தால் இன்னும் சேரும். வானிலை ராடர் மழையைப் பார்க்கச் செய்யப்பட்டது. கரையையும் காட்டும், ஆனால் அது எந்தக் கரை என்று சொல்ல வேண்டியது பார்ப்பவரின் கண்.

சப்தகன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ விமானம் ஒன்றும் இறங்கும்போதே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. அதை உருவாக்கியவர் கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்ற பொறியியலாளர். முதலில் வந்த கருவி நேர் கீழே மட்டும் பார்த்தது; செங்குத்தான மலை எதிரே இருந்தால் மிகவும் பிந்தித்தான் கத்தும். உலகத்தின் மேடு பள்ளங்களை வரைபடமாக அதற்குள் ஏற்றி முன்னாலும் பார்க்க வைத்தது 1990களில்தான். விமானப் பயணத்தில் இத்தனை உயிரைக் காப்பாற்றியவர் வேறு யாரும் இருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவர் பெயரை நம் பாடப்புத்தகம் எதிலும் நான் கண்டதில்லை.

இனி மற்ற விமானங்கள். 2022 ஜூன் 13 அன்று லண்டனிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கிக்கு மேல் 33,000 அடியில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறச் சொன்னது அங்காரா கட்டுப்பாட்டு நிலையம். ஏறத்தாழ 15 மைலில் அதே 35,000 அடியில் பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் வருவதை நம் விமானிகள் திரையில் கண்டு சொன்னார்கள். அப்படியும் ஏறலாம் என்றே பதில் வந்தது. அவர்கள் ஏறவில்லை. சிறிது நேரத்தில், ஏற வேண்டாம் என்று அங்கிருந்தே அவசரச் செய்தி வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இது ஏற்றம், நீ கேட்டது இறக்கம், விஷயம் ஒன்றுதான்.

இறக்கத்திலேயே நடந்தது 1996 நவம்பர் 12, டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் இன்னும் கீழிறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தில் மோதியது. 349 பேர் இறந்தார்கள். அதன் பிறகே மோதல் தவிர்க்கும் டீகாஸ் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

அந்தக் கருவி இருந்தால் போதுமா? 2002 ஜூலை 1, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேல் இரு விமானங்களிலும் டீகாஸ் இருந்தது. ரஷ்ய விமானத்தை அது ஏறச் சொன்னது, தரையிலிருந்த அதிகாரி இறங்கச் சொன்னார். விமானி அதிகாரியைக் கேட்டார். மற்ற விமானமோ தன் டீகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள். இப்போது விதி தெளிவு: அந்தக் கருவி கட்டளையிட்டால் தரையிலிருந்து யார் என்ன சொன்னாலும் கருவியின்படிதான்.

கருவியை நம்பி ஒரு விமானம் மலையில் மோதியது, கருவியை நம்பாமல் இன்னொன்று விமானத்தில் மோதியது என்று நீ குழம்புவாய். ஒவ்வொன்றும் தன் செய்தியை எப்படிப் பெறுகிறது என்று பார். டீகாஸ் மற்ற விமானத்திடமே நேரடியாகக் கேட்டு, நொடிக்கு நொடி பதில் பெறுகிறது. அதிகாரியின் திரையில் படம் சில நொடி பழையதாக இருக்கலாம். அவருக்கு அதே நேரத்தில் வேறு விமானங்களும் உண்டு. டொப்ளரோ யாரிடமும் கேட்பதில்லை, தன் பழைய கணக்கையே கூட்டிக்கொண்டிருக்கிறது. செய்தி எவ்வளவு புதியது, எங்கிருந்து வந்தது, அதைச் சரிபார்க்க இரண்டாவது வழி உண்டா: விமானி கேட்கும் கேள்விகள் இவை.

கருவி பிசகுவது பற்றியும் கேட்டாய். பழுது வந்தால் விமானிகளில் ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார், மற்றவர் பழுதைப் பார்ப்பார். 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஒரு சிறிய விளக்கு எரியவில்லை என்று விமானி அறையிலிருந்த எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 2,000 அடியிலிருந்து விமானம் மெல்ல இறங்கி சதுப்பு நிலத்தில் விழுந்தது. பழுதென்று பார்த்தால் ஒரு பல்பு.

உனக்கு ஒரு கணக்குத் தருகிறேன். சிவனொளிபாதமலை ஏறக்குறைய 7,360 அடி. மலைப்பகுதியில் உச்சிக்கு மேல் 2,000 அடியாவது இடைவெளி வேண்டும். நீ கிழக்கிலிருந்து வருகிறாய். 5,000 அடிக்கு இறங்க அனுமதி வந்திருக்கிறது. ஒரு கருவி கட்டுநாயக்க 15 கடல் மைல் என்கிறது, இன்னொன்று 40 என்கிறது. எந்த உயரத்தில் நிற்பாய், கட்டுப்பாட்டு அதிகாரியிடம் என்ன சொல்வாய்? அடுத்த கடிதத்தில் எழுது. கணக்கைப் படிப்படியாகக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா