கல்லாப்பெட்டி முன் நமக்கு வரும் சோர்வு



எந்தச் சரக்கு எத்தனை மூட்டை கையிருப்பு என்று கேட்டால் நாம் சிட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். துவரம்பருப்பில் வண்டு விழுந்தால் மறுநாளே வெயிலில் கொட்டிவிடுவோம். நம் உடம்பையும் மனதையும் மட்டும் இருப்பு எடுத்துப் பார்ப்பதில்லை.

மாநிலத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கத்தில் கடை நடத்தும் நமக்குப் பால் பாக்கெட் இறக்குவதில் நாள் தொடங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிப்டு போகிறவர் விடியும் முன்பே பிஸ்கட் கேட்டு நிற்பார். இரண்டாம் ஷிப்டு முடித்தவர் இரவு பத்தரைக்கு மேல் முட்டைக்காக ஷட்டரைத் தட்டுவார். நடுவே தடா பக்கத்திலிருந்து வருகிறவரிடம் தெலுங்கு, வடமாநிலத் தொழிலாளரிடம் அரைகுறை இந்தி. செங்குன்றத்தில் அரிசிக் கொள்முதல், ஜிஎஸ்டி கணக்கு, கடன் வசூல். ஞாயிறன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. ஆகவே நமக்கு அன்றுதான் கூடுதல் வியாபாரம்!

இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடினால் வரும் சோர்வை மருத்துவர்கள் ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். பணிச்சோர்வு என்று நாம் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றது. நோய் என்று அல்ல, தொழிலால் வரும் நிலை என்று. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: தீராத அசதி, செய்யும் தொழிலின் மீதே கசப்பு, எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம்.

இவை கடையில் எப்படித் தெரியும்? நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். முதலில் வாடிக்கையாளர் படியேறினாலே ‘ஏன் வந்தார்’ என்று தோன்றியது. பிறகு கடன் நோட்டு பிந்தியது. அன்றன்று எழுதிய பற்று வரவு, வாரம் ஒருமுறையானது. அதுவும் போய் மூன்று வாரம் துண்டுச் சீட்டுகள் கல்லாவில் குவிந்தன. பல ஆண்டுகளாக நம்மிடமே சரக்கு எடுக்கும் ஓர் அம்மாள், “அண்ணாச்சி, போன மாசம் கொடுத்த ஐந்நூறு ரூபாயை வரவு வைக்கலையே” என்றார். அத்தனை பேர் முன்னிலையில் அவர் மீது எரிந்து விழுந்தோம். இரவு சீட்டுகளைப் பிரித்தபோது அந்த ஐந்நூறு இருந்தது. மறுநாள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் மீண்டும் வருகிறார்; ஆனால் இப்போது ரொக்கம் மட்டுமே. அந்த உரிமைப் பேச்சு திரும்பவில்லை.

அசதி எல்லாமே பணிச்சோர்வு அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு எதுவானாலும் இதே அசதி வரும். ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ தள்ளிப்போடக் கூடாது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். கடன்காரருக்குப் போன் செய்யக் கூச்சப்படாத நாம் இதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

நாம் செய்துகொண்ட மாற்றம் சிறிது. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை பாதி ஷட்டர். அதில் அரை மணி நேரம் கடன் நோட்டு, மீதி நேரம் படுக்கை. கடைப் பையனிடம் சில்லறை விற்பனையை ஒப்படைத்தோம். முதல் மாதம் நாலைந்து தவறு நடந்தது, கடை முழுகிவிடவில்லை. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்தது. பையனுக்கு ஸ்டூல் வாங்கியபோது நமக்கும் ஒன்று வாங்கினோம். அதுவரை நமக்கே அது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

இவற்றால் கசப்பு குறைந்தது. அசதி முழுதும் தீரவில்லை. அதற்கு முழுநாள் ஓய்வு வேண்டும். 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே வாரம் ஒரு நாள் கடையை மூடச் சொல்கிறது. 2019-இல் எல்லா நாளும் திறக்க அனுமதித்த அரசாணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கானது. அங்கும் ஊழியருக்கு முறைவைத்து வார விடுமுறை உண்டு. முதலாளியும் தொழிலாளியும் தாமேயான சிறு மளிகைக்காரருக்குத்தான் ஓய்வு கிடைப்பதில்லை.

சட்டம் தெரியாமலா நாம் திறக்கிறோம்? நாம் மட்டும் மூடினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவாரோ என்ற பயம். எதிர்க்கடைக்காரருக்கும் இதே பயம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஆண்டு முழுதும் திறந்து வைத்திருக்கிறோம். ஆனால் வணிகர் தினமான மே 5 அன்று சேர்ந்து மூடுகிறோமே. மறுநாள் யார் கடைக்கு ஆள் வராமல் போனது?

ஆகவே நம் கடைவீதியில் எல்லோரும் பேசி ஒரே நாளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கோர இருக்கிறோம். ஞாயிறு ஒத்துவராது, சம்பளத் தேதியை ஒட்டிய நாட்களும் ஒத்துவரா. வாரத்தின் நடுவே எந்நாளில் விற்பனை குறைவு என்று ஒரு மாதம் குறித்து, அந்தத் தாளுடன் கூட்டத்திற்கு வாருங்கள். நமக்குச் செவ்வாய்க்கிழமை என்று படுகிறது.